கப்பல் தளத்திலிருந்து இதழின் பக்கம் வரை

1921 செப்டம்பரில் இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்குத் திரும்பிக்கொண்டிருந்த நார்குண்டா கப்பலின் மேல்தளத்தில், திருச்சியில் பிறந்த ஓர் இயற்பியலாளர் கடலை ஆராய்ந்துகொண்டிருந்தார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று ரேலே பிரபு சொல்லியிருந்தார். சி.வி. ராமன் தம்மிடமிருந்த நிக்கோல் பட்டகத்தின் வழியே, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வான ஒளியை நீக்கிவிட்டுப் பார்த்தார். நீலம் மறையவில்லை, இன்னும் அடர்ந்தது. அப்படியானால் நிறம் நீருக்குள்ளிருந்து வருகிறது. அதைக் குறிப்பாக எழுதி, கப்பலின் பெயரையும் பம்பாய்த் துறைமுகத்தையும் செப்டம்பர் 26 என்ற தேதியையும் இட்டு, லண்டனிலிருந்த நேச்சர் இதழுக்கு அனுப்பினார். ‘கடலின் நிறம்’ என்ற அந்தக் குறிப்பு நவம்பர் 17 இதழில் வெளிவந்தது. கப்பல் தபால் போய்ச் சேர்ந்த நாட்களையும் சேர்த்து எட்டு வாரம்கூட ஆகவில்லை.

இன்று சென்னையிலிருந்தோ கோவாவிலிருந்தோ ஒரு கடலியல் இதழுக்கு நிமிடங்களில் கட்டுரையை ஏற்றிவிடலாம். ஆனால் அது ஆறு மாதத்தில் வெளிவந்தால் சீக்கிரம் வந்துவிட்டது என்று மகிழ்வார்கள். ஓராண்டு ஆவதும் சகஜம். ராமனின் காலத்தில் பதிப்பாசிரியர் பார்த்துச் சரி என்றால் போதும். கட்டுரைகளை வெளி வல்லுநர்களிடம் அனுப்பி மதிப்பிடுவதை நேச்சர் நிலையான நடைமுறையாக்கியதே 1973இல்தான். ஆகவே வேகத்தை வைத்து அன்றையும் இன்றையும் ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும்.

உண்மையில் மாறியிருப்பது, ஓர் ஆய்வாளர் சொல்வதைப் பிறர் எந்த அளவுக்குச் சரிபார்க்க முடிகிறது என்பது. இந்த நூறாண்டில் கடலியல் தேடிக்கொண்ட பெரிய சொத்து அதுவே என்று நான் நம்புகிறேன். அது எப்படிச் சேர்ந்தது, எந்த இடங்களில் கைநழுவப் பார்க்கிறது என்பதை, கடலிலிருந்து இதழுக்குக் கட்டுரை போகும் வழியிலேயே போய்ப் பார்க்கலாம்.

தண்ணீர் எண்ணாகும் இடம்

இந்தியக் கடலியலுக்கு அடித்தளம் போட்டது, 1960களின் முற்பாதியில் நடந்த சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணம். பல நாடுகளின் 40க்கும் மேற்பட்ட கப்பல்கள் அதில் கலந்துகொண்டன. இந்தியக் கடற்படையின் கிஸ்ட்னா கப்பலும் அவற்றில் ஒன்று. அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1966 ஜனவரி 1 அன்று தேசியக் கடலியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. என்.கே. பணிக்கர் அதன் முதல் இயக்குநர். கோவாவின் டோனா பாலாவில் அது இன்றும் இருக்கிறது.

அந்தக் காலத்தில் 500 மீட்டர் ஆழத்தின் வெப்பநிலையை அறிய வேண்டுமானால் அங்கே கருவியை இறக்கி எடுத்தாக வேண்டும். எஃகு வடத்தில் நான்சென் பாட்டில்களைக் குறித்த இடைவெளியில் மாட்டி இறக்குவார்கள். பிறகு மேலிருந்து ஒரு பித்தளை எடையை வடத்தின் வழியே வழுக்கிவிடுவார்கள். அது மோதியதும் முதல் பாட்டில் தலைகீழாகக் கவிழ்ந்து மூடிக்கொள்ளும். அதனடியில் மாட்டியிருந்த இன்னோர் எடை விடுபட்டு அடுத்த பாட்டிலுக்குப் போகும். கவிழும்போதே வெப்பமானியின் பாதரச இழை அறுந்து, அந்த ஆழத்தின் வெப்பநிலை அதில் நின்றுவிடும். மேலே வந்ததும் உருப்பெருக்கியை வைத்து நூறில் ஒரு டிகிரி வரை வாசிப்பார்கள். ஒருவர் வாசித்ததை இன்னொருவர் மறுபடி வாசித்துச் சரிபார்ப்பார். உப்புத்தன்மையை அறிய வெள்ளி நைட்ரேட் கொண்டு டைட்ரேஷன் செய்வார்கள். கோபன்ஹேகனிலிருந்து கண்ணாடிக் குழாய்களில் அடைத்து வரும் தரநிலைக் கடல்நீர்தான் அதற்கு அளவுகோல்.

இவ்வளவும் செய்தால் ஓர் இடத்தில் பத்துப் பதினைந்து ஆழங்களுக்கு எண்கள் கிடைக்கும். 200 மீட்டருக்கும் 300 மீட்டருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று சொல்ல யாராலும் முடியாது. அதனால் அன்றைய கட்டுரைகள் சொல்வதை அளந்து சொல்லின. ஆனால் குறைந்த எண்களை வைத்து நிறையச் சிந்திக்கவும் அவை கற்றுக்கொடுத்தன. இந்தியப் பெருங்கடலின் நிலநடுக்கோட்டை ஒட்டி, பருவக்காற்று மாறும் மாதங்களில் கிழக்கு நோக்கிக் குறுகலான, விரைவான நீரோட்டம் ஒன்று ஓடுகிறது. கிளாஸ் விர்ட்கி 1973இல் சயின்ஸ் இதழில் அதை எடுத்துக்காட்டினார். கப்பல்கள் தம் பாதையிலிருந்து எவ்வளவு விலகிப் போயின என்ற பழைய பதிவுகளே அவருக்கு முக்கியச் சான்று. மாலுமிகள் வேறெதற்கோ குறித்துவைத்த எண்கள் ஒரு நீரோட்டத்தைக் காட்டிக்கொடுத்தன. இன்று அதற்கு விர்ட்கியின் பெயரே வழங்குகிறது.

இப்போது கப்பலிலிருந்து இறங்கும் சி.டி.டி. கருவி மின்கடத்துத்திறன், வெப்பநிலை, ஆழம் மூன்றையும் நொடிக்கு 24 முறை அளக்கிறது. கப்பலே போகாத இடத்தில் ஆர்கோ மிதவைகள் வேலை செய்கின்றன. உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 மிதவைகள் பத்து நாட்களுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலேறி, அளந்ததைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மறுபடி மூழ்குகின்றன. இந்தியாவில் அந்தப் பணியைப் பார்ப்பது, ஹைதராபாத்தில் 1999இல் அமைந்த இன்காய்ஸ் நிறுவனம். பரங்கிப்பேட்டையில் ஒரு மாணவி தன் அறையிலிருந்தே இந்தத் தரவு முழுவதையும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். முன்பு கப்பல் வைத்திருந்த நாடுகளுக்கு மட்டும் கிடைத்த கடல் இப்போது எல்லாருக்கும் கிடைக்கிறது.

இந்த வசதி ஒரு கடமையையும் கொண்டுவருகிறது. மிதவையின் உணரி மெல்ல மெல்லத் தன் அளவிலிருந்து நகரும். அதில் பாசி படியும். அதனால் ஆர்கோ தரவில் ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் தரக்குறி இருக்கும். 1 என்றால் நல்லது, 4 என்றால் தள்ளிவிட வேண்டியது. உடனுக்குடன் வரும் தரவு ஒன்று, வல்லுநர் பொறுமையாகப் பார்த்துத் திருத்திய தரவு வேறொன்று. எதை எடுத்தேன், எதை விலக்கினேன், ஏன் விலக்கினேன் என்பதை எழுதாத கட்டுரையை நல்ல மதிப்பாய்வாளர் திருப்பி அனுப்புவார். நான்சென் பாட்டில் காலத்தில் வெப்பமானியை இரண்டாவது ஆள் வாசித்தாரே, அந்தக் கவனம் இப்போது தரக்குறிகளுக்குள் இருக்கிறது. ஒருமுறையாவது கப்பலில் ஏறி, கருவி இறங்குவதையும் தவறான எண் எப்படிப் பிறக்கிறது என்பதையும் பார்த்தவருக்கு இது சொல்லாமலே புரியும். ஆகவே கணினியிலேயே ஆய்வு செய்யும் மாணவர்களுக்கும் ஒரு கப்பல் பயணமாவது கொடுக்க வேண்டும்.

படிக்கக் கிடைத்தது

பேப்பர் எழுதுவதற்கு முன், மற்றவர்கள் எழுதியதைப் படித்திருக்க வேண்டும். டீப்-சீ ரிசர்ச் 1953இல் தொடங்கியது; லிம்னாலஜி அண்ட் ஓஷனோகிராஃபி 1956இல்; ஜர்னல் ஆஃப் ஃபிசிகல் ஓஷனோகிராஃபி 1971இல். நம் நூலகங்களுக்கு இவை வந்து சேர மாதங்கள் ஆகும். பல நூலகங்களுக்கு வரவே வராது. இதழ்களின் பொருளடக்கத்தை மட்டும் திரட்டித் தரும் கரன்ட் கன்டென்ட்ஸைப் புரட்டி, தேவையான தலைப்பைக் கண்டால், எழுதியவரின் முகவரிக்கு ஒரு சிறிய அட்டை போடுவார்கள்: தங்கள் கட்டுரையின் பிரதி ஒன்றை அனுப்பிவைக்க வேண்டுகிறேன். பெரும்பாலும் அவர் அனுப்புவார். முகம் தெரியாத இருவருக்கு இடையில் பல ஆண்டு நட்பு இப்படித் தொடங்கியதும் உண்டு.

இந்தத் தட்டுப்பாட்டை யுனெஸ்கோ அன்றே உணர்ந்திருந்தது. இந்தியப் பெருங்கடல் பயணத்தின் முடிவுகள் உலகின் பல இதழ்களில் சிதறிக் கிடந்தன. அவற்றைத் திரட்டி 1965 முதல் 1972 வரை எட்டுத் தொகுதிகளாக அது வெளியிட்டது. தம் கரையைத் தொடும் கடலைப் பற்றிப் பிறர் எழுதியதைப் படிக்கவும் கரையோர நாடுகளுக்கு அப்படி ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது. அதே காலத்தில் இங்கேயே இதழ்களும் எழுந்தன. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கி, பிறகு மண்டபத்தில் இயங்கியது. அந்த மண்டபத்திலிருந்தே 1959இல் இந்தியக் கடல் உயிரியல் சங்கத்தின் இதழ் வந்தது. 1972இல் இந்தியன் ஜர்னல் ஆஃப் மரைன் சயின்சஸ் வந்தது. வெளிநாட்டு நூலகங்களோடு இதழுக்கு இதழ் பரிமாறிக்கொண்டு நம் ஆய்வகங்கள் தங்கள் அலமாரிகளை நிரப்பின.

இன்று கூகுள் ஸ்காலரில் தேடினால் நொடியில் கட்டுரைகள் குவிகின்றன. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில், மத்திய மாநில அரசுகளின் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் திறந்திருக்கின்றன. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். மாவட்டத் தலைநகரின் அரசுக் கல்லூரி மாணவருக்கு இது மிகப் பெரிய விடுதலை.

ஆனால் எளிதாகக் கிடைப்பதை எளிதாகத் தள்ளிவிடுகிறோம். அட்டை போட்டு வரவழைத்த பிரதியை அன்று வரிவரியாகப் படித்தார்கள். இன்று சுருக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மேற்கோள் பட்டியலில் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளோ, இல்லாத கட்டுரைகளையும் இருப்பதுபோல் பட்டியலிட்டுத் தருகின்றன. படிக்காத கட்டுரையை மேற்கோள் காட்டுவது, அளக்காத நீருக்கு எண் எழுதுவதற்குச் சமம். படித்ததை மட்டும் மேற்கோள் காட்டும் ஒழுக்கத்தை மென்பொருள் எதுவும் நமக்காகக் காப்பாற்றாது.

கோடும் நிறமும்

கடலியல் கட்டுரையைக் கையில் எடுப்பவர் பெரும்பாலும் முதலில் படங்களைப் பார்ப்பார், பிறகுதான் எழுத்து. அன்று ஆய்வகங்களில் டிராஃப்ட்ஸ்மேன் என்று ஒருவர் இருந்தார். ஆய்வாளர் வரைபடத் தாளில் எண்களைக் குறித்து, சம வெப்பக் கோடுகளைப் பென்சிலால் இழுத்துக் கொடுப்பார். டிரேசிங் தாளில் ரோட்ரிங் பேனாவால் அவர் அதை மசிக்கோடாக்குவார். எழுத்துகளுக்கு ஸ்டென்சில், இல்லையென்றால் தேய்த்து ஒட்டும் லெட்ராசெட். ஒரு கோடு பிசகினால் பிளேடால் சுரண்டித் திருத்துவார்; அதிகம் பிசகினால் புதுத் தாள். அச்சில் நிறம் சேர்க்கப் பெருந்தொகை கேட்பார்கள் என்பதால் எல்லாம் கறுப்பு வெள்ளை. படம் ஒவ்வொன்றுக்கும் நாள்கணக்கில் உழைப்பு போனதால், எது தேவை எது வேண்டாம் என்று முன்பே யோசித்தார்கள். எண்கள் இல்லாத இடத்தில் கோட்டை எப்படிக் கொண்டுபோவது என்பதும் ஆய்வாளரின் முடிவு. அந்த முடிவு சரியா என்று பிறர் பார்க்க வழியே இல்லை.

இன்று ஓஷன் டேட்டா வியூ, மேட்லேப், பைத்தான் என்று கருவிகள் நிறைய. ஒரே காலையில் ஐம்பது படங்கள் போடலாம். நிறங்களும் இலவசம். இதிலும் ஒரு பொறி இருந்தது. வானவில் நிறங்களை வரிசையாக அடுக்கும் பழக்கம் நெடுநாள் ஆட்சி செய்தது. மஞ்சள் மட்டும் கண்ணுக்குத் தூக்கலாகத் தெரிவதால், வெப்பநிலை சீராக மாறும் இடத்திலும் ஓர் எல்லை இருப்பதுபோல் தோன்றும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்குப் படமே குழம்பிவிடும். கிறிஸ்டன் திங்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2016இல் ஓஷனோகிராஃபி இதழில், வெப்பநிலைக்கு ஒன்று, உப்புத்தன்மைக்கு ஒன்று என்று சீரான நிற வரிசைகளை அமைத்துக் கொடுத்தார்கள். இன்று வானவில் படத்தோடு போனால் அதை மாற்றச் சொல்லும் மதிப்பாய்வாளர்கள் உண்டு. அப்படிச் சொல்வது நியாயமே. தரவில் இல்லாத எல்லையைப் படம் காட்டக் கூடாது.

படத்தை வரைந்த நிரலையும் கட்டுரையோடு சேர்த்து வெளியிடும் வழக்கம் இப்போது பரவுகிறது. டிராஃப்ட்ஸ்மேன் காலத்தில் பார்க்க முடியாமல் போன அந்த முடிவு, எண்கள் இல்லாத இடத்தைக் கோடு எப்படிக் கடந்தது என்பது, இப்போது நிரலைத் திறந்தால் தெரிந்துவிடுகிறது.

மூன்று பிரதி, ஓர் உறை

எழுதுவதும் அனுப்புவதும் அன்று ஒரே சடங்கின் இரு பாதிகள். கையெழுத்துப் பிரதி தட்டச்சருக்குப் போகும். இரட்டை இடைவெளி, அகலமான ஓரம். அட்டவணைகள் தனித்தாளில், படக்குறிப்புகள் தனித்தாளில். கிரேக்க எழுத்துகளையும் சமன்பாடுகளையும் கையால் எழுதிச் சேர்க்க வேண்டும். மூன்று பிரதிகளும் படங்களும் தடித்த உறைக்குள் அட்டை வைத்து ஏர்மெயிலில் போகும். ‘கிடைக்கப்பெற்றோம்’ என்று ஒரு கடிதம் வரும். அதன் பிறகு காத்திருப்பு.

இன்று அனுப்புவதற்கான பட்டியல் நீளமானது. ஜர்னல் ஆஃப் ஜியோஃபிசிகல் ரிசர்ச்: ஓஷன்ஸ் இதழுக்கு, ஒவ்வொன்றும் 140 எழுத்துக்குள் அதிகபட்சம் மூன்று முக்கியக் கருத்துகள் எழுதித் தர வேண்டும். எளிய மொழியில் ஒரு சுருக்கம் சேர்க்கலாம். தரவு எங்கே கிடைக்கும் என்று தனிப்பகுதி கட்டாயம். எல்சவியர் இதழ்கள் 85 எழுத்துக்குள் மூன்று முதல் ஐந்து சிறப்புக் குறிப்புகள் கேட்கும். ஆசிரியர் ஒவ்வொருவரும் என்ன செய்தார், யார் பணம் கொடுத்தார், யாருக்காவது நலன் முரண் உண்டா, செயற்கை நுண்ணறிவை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று அடுத்தடுத்துக் கேள்விகள். கருவியை ஆசிரியராகச் சேர்க்கக் கூடாது என்பதில் பெரிய இதழ்கள் ஒன்றுபட்டிருக்கின்றன. கட்டுரைக்குப் பொறுப்பேற்க மனிதரால் மட்டுமே முடியும் என்பது அதற்கான காரணம்.

இளையவர்கள் இந்தக் கேள்விகளை வெறும் படிவத் தொல்லையாக நினைக்கிறார்கள். தொல்லை உண்டுதான். ஆனால் இவற்றில் பல, முன்பு யாரும் கேட்காமல் விட்டதால் எழுந்தவை. கப்பலில் இரவெல்லாம் மாதிரி எடுத்தவரின் பெயர் விடுபட்டுப்போவதும், எதுவும் செய்யாத மேலதிகாரியின் பெயர் முதலில் வருவதும் அன்று கேள்வியில்லாமல் நடந்தன. இன்று யார் என்ன செய்தார் என்று எழுத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அலகு எழுதுவதிலும் இதே தெளிவு வந்திருக்கிறது. அன்று உப்புத்தன்மையை ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று எழுதினார்கள். 1978இல் வந்த நடைமுறை அளவுகோல் மின்கடத்துத்திறன் விகிதத்தை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே அதற்கு அலகு கிடையாது. 2009இல் யுனெஸ்கோவின் அரசிடைக் கடலியல் ஆணையம் ஏற்றுக்கொண்ட முறைப்படி, தனி உப்புத்தன்மையைக் கிலோவுக்கு இத்தனை கிராம் என்று எழுத வேண்டும். எந்த முறையில் எழுதுகிறோம் என்று சொல்லாவிட்டால், ஐம்பதாண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகளை வருங்காலத்தில் ஒருவர் ஒப்பிடவே முடியாது. கடல் மாறுகிறதா என்ற பெரிய கேள்விக்கு விடை இப்படிப்பட்ட சிறிய வரிகளில் இருக்கிறது.

மதிப்பாய்வாளரும் ஆய்வாளரும்

டீப்-சீ ரிசர்ச் இதழை முதல் இருபது ஆண்டுகள் நடத்தியவர்களில் முதன்மையானவர் மேரி சியர்ஸ். வுட்ஸ் ஹோல் நிறுவனத்தின் மிதவை உயிரி ஆய்வாளர். பெண் என்பதால் அவர் பணியாற்றிய நிறுவனத்தின் கப்பல்களில் ஆய்வுக்குப் போக அவரை விடவில்லை. கடலுக்குப் போக முடியாத அவர், கடலுக்குப் போனவர்கள் எழுதியதைச் செம்மைப்படுத்தி ஒரு துறையின் தரத்தையே உயர்த்தினார். 2000இல் அமெரிக்கக் கடற்படை தன் ஆய்வுக் கப்பல் ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தது. பதிப்பாசிரியர் என்பவர் இதழுக்கு என்னவாக இருக்க முடியும் என்பதற்கு அவர் சான்று.

அன்று மதிப்பாய்வு கடிதத்தில் நடந்தது. மூன்று நான்கு பக்கம் தட்டச்சு செய்து, கட்டுரையின் ஓரத்தில் பென்சிலால் குறித்து அனுப்புவார்கள். போகவரவே வாரங்கள் ஆகும். ஆனால் எழுதியவர் உட்கார்ந்து படித்திருந்தார் என்பது ஒவ்வொரு வரியிலும் தெரியும். இன்று இதழின் இணையப் பக்கத்தில் ‘மதிப்பாய்வில் உள்ளது’ என்ற வரியைத் தினமும் திறந்து பார்க்கிறார்கள். அந்த வரிக்குப் பின்னால், மதிப்பாய்வாளர் தேடி ஒருவர் பின் ஒருவராகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு பதிப்பாசிரியர் இருக்கிறார். கட்டுரைகள் பெருகிவிட்டன; ஊதியமில்லாமல் நாள்கணக்கில் உட்கார்ந்து படிக்கிறவர்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. ஓராண்டு காத்திருப்புக்கு முக்கியக் காரணம் இது.

இதற்கு நடுவே நல்ல மாற்றங்களும் வந்தன. ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியத்தின் ஓஷன் சயின்ஸ் இதழ் 2005 முதல் மதிப்பாய்வைத் திறந்த வெளியில் நடத்துகிறது. கட்டுரையின் முதல் வடிவம், மதிப்பாய்வாளரின் கேள்விகள், ஆசிரியரின் பதில்கள் எல்லாவற்றையும் யாரும் படிக்கலாம். முதல் பேப்பர் போடப்போகும் மாணவருக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. கடுமையான கேள்விக்கு அனுபவசாலி எப்படிப் பதில் எழுதுகிறார் என்பதை நேரில் பார்ப்பதற்கு ஒப்பானது அது.

பதில் எழுதுவதில் அன்றைக்கும் இன்றைக்கும் இலக்கணம் ஒன்றுதான். கேள்வியை முழுதாக எடுத்து எழுத வேண்டும். அதன் கீழே பதில். அதன் கீழே கட்டுரையில் எந்த வரியை எப்படி மாற்றினோம் என்பது. மதிப்பாய்வாளர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அந்த இடத்தைத் தெளிவாக எழுதவில்லை என்று கொண்டு, பத்தியைத் திருத்த வேண்டும். அவர் சொல்வது சரியில்லை என்றால் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டி, பணிவாக, உறுதியாக மறுக்க வேண்டும். கோபத்தில் எழுதிய பதிலை ஒரு வாரம் அனுப்பாமல் வைத்திருப்பது நல்லது. ஏர்மெயில் அந்த ஒரு வாரத்தைத் தானாகவே கொடுத்தது. இன்று நாமே கொடுத்துக்கொள்ள வேண்டும்.

சரிபார்க்க முடிந்த உண்மை

1999 செப்டம்பர் 23 நேச்சர் இதழில், இந்தியப் பெருங்கடல் பற்றி அடுத்தடுத்து இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்றை என்.எச். சாஜி, பி.என். கோஸ்வாமி, பி.என். வினயச்சந்திரன், டோஷியோ யமகாட்டா எழுதினார்கள். மற்றொன்றைப் பீட்டர் வெப்ஸ்டரும் சக ஆய்வாளர்களும் எழுதினார்கள். கடலின் மேற்குப் பகுதி வெப்பமாகும்போது கிழக்கில் சுமத்ரா ஓரம் குளிர்கிறது. காற்றும் மழையும் அதற்கேற்ப இடம் மாறுகின்றன. இதை ‘இருமுனை’ என்று சாஜி குழுவினர் அழைத்தார்கள். மேற்குப் பகுதியின் சராசரி வெப்பநிலை விலகலிலிருந்து கிழக்கின் விலகலைக் கழித்தால் அதற்கான குறியீடு வந்துவிடும். வரையறை ஒரே வரி. தரவு பொதுவில் இருந்தது.

அதனால் உலகின் எந்த மூலையில் இருந்தவரும் அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க முடிந்தது. பசிபிக்கின் எல் நினோ இல்லாமலும் இது தானாக நிகழுமா என்று பல ஆண்டுகள் விவாதம் நடந்தது. எதிர்த்தவர்களும் அதே தரவை எடுத்தே எதிர்த்தார்கள். இன்று வானிலை மையங்கள் அந்தக் குறியீட்டைத் தொடர்ந்து கணித்து வெளியிடுகின்றன. ஒரு கட்டுரை உலகின் பொதுச் சொத்தாக மாறும் வழி இதுவே. இதழின் பெயர் அதற்குத் துணை செய்திருக்கலாம். ஆனால் கணக்கைத் திரும்பப் போட முடிந்ததால்தான் அது நின்றது.

யாருடைய காசு

மெய்ப்பு பார்ப்பது அன்று நீள்தாள்களில் நடந்தது. குறியீடுகள் இட்டு ஏர்மெயிலில் திருப்பி அனுப்புவார்கள். பிறகு அச்சான தனிப் பிரதிகள் ஒரு கட்டாக வரும். இன்று இரண்டு மூன்று நாட்களுக்குள் திரையிலேயே முடித்துக் கொடுக்கிறோம். இது சிறிய மாற்றம். பெரிய மாற்றம் காசு போகும் திசையில் நடந்தது.

அன்று நூலகம் சந்தா கட்டியது. சந்தா கட்ட முடியாத நாட்டவர் படிக்க முடியாமல் போனார்கள். எழுதியவர்களிடம் பணம் கேட்காத இதழ்கள் பல இருந்தன. இன்று திறந்த அணுகல் இதழில் யாரும் படிக்கலாம். வெளியிடுவதற்கு எழுதியவர் கட்ட வேண்டும். சில இதழ்களில் அந்தக் கட்டணம் 3,000 டாலரைத் தாண்டுகிறது. நம் நாட்டில் இளநிலை ஆய்வாளரின் மாத உதவித்தொகை 37,000 ரூபாய்; ஏழு மாதப் பணம் ஒரே கட்டுரைக்குப் போய்விடும். வாசலில் நின்றவரை உள்ளே விட்டார்கள். பேச வேண்டுமானால் காசு கேட்கிறார்கள். எப்படியாவது வெளியிட வேண்டும் என்ற அவசரத்தைப் பயன்படுத்தி, மதிப்பாய்வே செய்யாமல் பணம் வாங்கிக்கொண்டு வெளியிடும் போலி இதழ்களும் முளைத்தன. பட்டம் பெற இத்தனை கட்டுரை வேண்டும், பதவி உயர இத்தனை வேண்டும் என்று எண்ணிக் கேட்கும் நிர்வாகங்களுக்கும் அந்தப் பாவத்தில் பங்கு உண்டு.

எழுதியவரிடமும் படிப்பவரிடமும் காசு வாங்காத இதழ்களே இதற்கு நேர்மையான மாற்று. ராமன் 1934இல் பெங்களூரில் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமி அந்த மரபைக் காத்துவருகிறது. அதன் ஜர்னல் ஆஃப் எர்த் சிஸ்டம் சயின்ஸ் இதழில் வங்கக் கடலும் அரபிக் கடலும் தொடர்ந்து பேசப்படுகின்றன. நம் பணத்தில் நம் கடலை ஆராய்ந்து எழுதும் நல்ல கட்டுரைகளில் சிலவற்றையாவது இப்படிப்பட்ட இதழ்களுக்குக் கொடுக்க மூத்தவர்கள் முன்வர வேண்டும். அவர்கள் கொடுத்தால்தான் இளையவர்களும் தயங்காமல் கொடுப்பார்கள்.

இனிச் செய்ய வேண்டியது

தரவு திறந்தது, நிரல் திறந்தது, மதிப்பாய்வும் ஓரளவு திறந்தது. சரிபார்க்கும் வசதி இவ்வளவு கூடிய காலத்தில், சரிபார்க்கும் ஆள் குறைவது நியாயமில்லை. ஆகவே மதிப்பாய்வு செய்வதைப் பல்கலைக்கழகங்கள் வேலையாகக் கணக்கில் எடுக்க வேண்டும். தரவை ஒழுங்குபடுத்தி வெளியிட்டவருக்குக் கட்டுரை எழுதியவருக்கு உரிய மரியாதை தர வேண்டும். மாணவரின் முதல் பேப்பரை அனுப்புவதற்கு முன், கைடும் ஆய்வகத் தோழர்களும் ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து வரிவரியாகப் படிக்கும் பழைய வழக்கத்தை மீட்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு ஆங்கிலத்தைச் செப்பனிடலாம். தமிழில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதும் மாணவருக்கு அந்த உதவி நியாயமானது. அதை அவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் போதும். முடிவு சரியா என்று கேட்கும் நண்பரின் இடத்தை அது நிரப்பாது.

இன்னொன்றும் உண்டு. வங்கக் கடலின் மேற்குக் கரையோர நீரோட்டம் ஆண்டின் ஒரு பாதியில் வடக்கேயும் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கேயும் ஓடுவதைப் பற்றி நிறையக் கட்டுரைகள் இருக்கின்றன. நம் கரையோர மீனவர்கள் அதை ‘நீவாடு’ என்று அழைத்து, அதன் திசையையும் வலுவையும் பார்த்தே வலை விடுகிறார்கள். இன்காய்ஸ் தரும் மீன்பிடி மண்டலத் தகவல் தமிழில் அவர்களுக்குப் போகிறது. ஆனால் அந்தத் தகவலுக்கு அடிப்படையான ஆய்வுக் கட்டுரைகள் போவதில்லை. தமிழகக் கடல் பற்றிய ஒவ்வொரு கட்டுரையோடும் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் எழுதி, அதை மீனவர் சங்கங்களுக்கும் கடலோரப் பள்ளிகளுக்கும் கொடுக்க ஆய்வாளர்களுக்கு ஒருநாள் போதும். நாள்தோறும் அந்த நீரில் நிற்பவர்கள் படித்து, இது சரி, இந்த மாதத்தில் இப்படி இருக்காது என்று சொல்லத் தொடங்கினால், கடலியலுக்கு இதுவரை கிடைக்காத மதிப்பாய்வாளர்கள் கிடைப்பார்கள்.